ஏசி காப்பர் பைப்பை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக், நம்பலாமா?

போன கோடையில் கேஸ் ஏற்றினீர்கள், இந்தக் கோடையில் மறுபடி கூலிங் இல்லை, இப்போது வந்த மெக்கானிக் பைப்பையே மாற்ற வேண்டும் என்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் சரி என்று தலையாட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "லீக் எந்த இடத்தில் இருக்கு, காட்டுங்க." இதற்குப் பதில் இல்லாமல் பைப்பை மாற்றினால் பாதி நேரம் பணம்தான் போகும், லீக் அப்படியே இருக்கும்.

நான் சென்னையில் ஏசி சர்வீஸ் வேலை பார்க்கிறேன். எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம் இது. ஏசிக்குள் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகித் தீர்வது இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான். பொருத்திய அன்று எவ்வளவு இருந்ததோ பத்து வருடம் கழித்தும் ஏறக்குறைய அவ்வளவே இருக்க வேண்டும். வருடா வருடம் ஏற்ற வேண்டியிருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது, யாரும் அதைத் தேடவில்லை என்று அர்த்தம்.

ஓட்டை எங்கெல்லாம் இருக்கலாம்? உள்ளே இருக்கும் யூனிட்டின் காயிலில் (கேஸ் ஓடுகிற குழாய்ச் சுருள்), வெளி யூனிட்டின் காயிலில், இரண்டையும் இணைக்கிற பைப் ஜோடியில், அந்தப் பைப்பின் நாலு முனையிலும் இருக்கிற ஃபிளேர் நட்டில், அதாவது புனல் மாதிரி விரித்த பைப் முனையை (அதுதான் ஃபிளேர்) இறுக்கிப் பிடிக்கிற நட்டில். நான் பார்த்தவரை முதல் சந்தேகம் எப்போதும் அந்த நாலு நட்டின் மேல்தான் வர வேண்டும். ஃபிளேர் சரியாக விரியாமல் இருக்கும், அல்லது பலத்தைக் காட்டி முறுக்கி விளிம்பு வெடித்திருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஃபிளேர் போட்டால் வேலை முடிந்தது, முழுப் பைப்பை மாற்ற அவசியமே இல்லை. நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் அதில் தூசி ஒட்டிக் கறுப்பாகவும் இருக்கிறதா பாருங்கள். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்து சுற்றுவதால் கேஸ் கசிகிற இடத்தில் ஆயிலும் கசியும். சோப்புத் தண்ணீரைத் தடவினால் குமிழி வரும், சின்ன லீக் என்றால் உடனே வராது, ரெண்டு மூணு நிமிடம் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும்.

அப்புறம் ஐஸ். வெளி யூனிட்டில் வால்வு பக்கத்தில் மெல்லிய பைப்பில் ஐஸ் கட்டினால் பெரும்பாலும் கேஸ் குறைந்திருக்கிறது. தடித்த பைப்பில் கட்டினால் முதலில் ஃபில்டரையும் உள்யூனிட் ஃபேனையும் பாருங்கள், காற்றோட்டம் இல்லாமலும் அப்படி ஆகும், அதற்கும் பைப்புக்கும் சம்பந்தம் இல்லை. இன்னொன்று, பைப் போகிற வழியில் சுவரில் தண்ணீர் சொட்டுகிறது என்று பயந்து கூப்பிடுகிறார்கள். மேலே இருக்கிற இன்சுலேஷன் வெயிலில் பொரிந்தோ எலி, அணில் கடித்தோ போயிருக்கும், குளிர்ந்த செம்பில் காற்றின் ஈரம் படிந்து சொட்டும். இன்சுலேஷனை மட்டும் மாற்றினால் போதும்.

சரி, பைப்தான் ஓட்டை என்று எப்படி உறுதி செய்வது? பைப்பை இரண்டு யூனிட்டிலிருந்தும் கழற்றி, ஒரு முனையை அடைத்து, மறு முனையில் அழுத்தம் காட்டுகிற கேஜ் வைத்து, நைட்ரஜனை மட்டும் ஏற்றி, மணிக்கணக்கில் விட வேண்டும், முடிந்தால் ராத்திரி முழுக்க. ஆர்32, ஆர்410ஏ வகை கேஸ் ஓடுகிற மெஷின் என்றால் 500 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) வரை ஏற்றலாம். காலையில் முள் இறங்கியிருந்தால் பைப்தான் குற்றவாளி, நின்றிருந்தால் பைப்பை விட்டுவிட்டுக் காயில்களை இதே மாதிரி தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஒன்றை மனதில் வையுங்கள்: மதியம் 35 டிகிரியில் ஏற்றி விடியற்காலை 28 டிகிரியில் பார்த்தால் லீக்கே இல்லாவிட்டாலும் 500-இல் பதினொன்று பன்னிரண்டு பிஎஸ்ஐ குறைந்துதான் காட்டும். அதைக் காட்டி யாராவது "பாருங்க சார், இறங்கிடுச்சு" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டு வந்து பிரஷர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், வெல்டிங் வைக்க அது கையில் இருக்கும் என்பதால். உள்ளே இருக்கும் ஆயிலும் அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும், ஆள் செத்துப் போவார். அப்படி ஒருவர் வந்தால் தயவுசெய்து வேலையை நிறுத்திவிடுங்கள், உங்களுக்காகவும் அவருக்காகவும்.

திருவான்மியூரில் ஒரு வீட்டில் இந்தச் சோதனையில் முள் நன்றாகவே இறங்கியது. வெள்ளை டேப்பைப் பிரித்துக்கொண்டே போனால், வெளி யூனிட் ஸ்டாண்டின் ஆங்கிள் விளிம்பில் மெல்லிய பைப் சாய்ந்து கிடந்தது. அந்த இடத்தில் இன்சுலேஷன் நசுங்கிக் காகிதம் மாதிரி ஆகியிருந்தது. கம்ப்ரசர் ஓடும்போதெல்லாம் பைப் அதிர்ந்து இரும்பில் உரசி உரசி, செம்பில் அரை விரல்கடை நீளத்துக்குப் பளபளவென்று ஒரு பள்ளம், அதன் நடுவில் ஊசிக் கண்கூட இல்லாத ஓட்டை, சுற்றிப் பச்சைக் களிம்பு. சோப்பு வைத்ததும் நுரை மெதுவாகப் பொங்கியது. அந்தப் பைப்பை மாற்றத்தான் வேண்டும், ஏனென்றால் அந்தப் பள்ளத்தைத் தவிர மற்ற இடங்களிலும் கடல்காற்று உப்பு இறங்கிக் களிம்பு பிடித்திருந்தது. ஓரிடத்தில் மட்டும் உரசியிருந்தால், கை எட்டுகிற இடமாகவும் இருந்தால், வெட்டி பிரேசிங் வைத்தே (உலோகக் கம்பியை உருக்கி ஒட்டுவது) பல வருடம் ஓட்டலாம்.

ஆக, லீக் ஒரு புள்ளியாக இல்லாமல் நீளத்துக்குப் பரவியிருந்தால் மாற்றுங்கள். சாக்கடை, கால்வாய் ஓர வீடுகளில் செம்பு கரி மாதிரி கறுத்துவிடும், சாக்கடையிலிருந்து வருகிற ஹைட்ரஜன் சல்ஃபைடு செய்கிற வேலை. வீட்டில் வெள்ளிச் சாமானும் சீக்கிரம் கறுக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம். ஆனால் அங்கே பைப்பைவிட காயில்தான் முதலில் போகும், செம்பு அங்கே இன்னும் மெல்லியது. புதிதாக இன்டீரியர் வேலை செய்த வீட்டிலும் அப்படித்தான், பிளைவுட், பசை, பெயின்ட்டிலிருந்து வருகிற அமில ஆவி ஈரத்தோடு சேர்ந்து செம்பை எறும்புப் புற்று மாதிரி உள்ளுக்குள்ளேயே துளைக்கும். "தம்பி, பைப்பு மாத்தியும் நிக்கலையே" என்று ஒரு அம்மா வருத்தப்பட்டார், பார்த்தால் ஓட்டை உள்யூனிட் காயிலில். பைப்புக்குக் கொடுத்த பணம் அவருக்குத் தண்டம்.

லீக் இல்லாவிட்டாலும் மாற்ற வேண்டிய பைப்புகள் உண்டு. விலை குறைவென்று அலுமினியம் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள், பித்தளை நட்டோடு சேர்கிற இடத்தில் ஈரம் பட்டு அரித்துக்கொண்டே இருக்கும். வளைவில் நசுங்கிப் போன பைப்பும் அப்படித்தான், நசுங்கின இடத்தைத் தாண்டி பனி பிடித்தால் அடைப்பு அங்கேதான். பழைய ஆர்22 ஏசியை எடுத்துவிட்டுப் புது ஆர்32 ஏசியை அதே பைப்பில் மாட்டச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆர்32-இன் அழுத்தம் ஆர்22-ஐப் போல ஒன்றரை மடங்குக்கு மேல், தவிர பழைய பைப்புக்குள் பழைய மினரல் ஆயில் ஒட்டியிருக்கும், புது கம்ப்ரசருக்கு அது ஆகாது. வெளியே ஓடுகிற பைப் என்றால் யோசிக்காமல் புதிதாகப் போடுங்கள். சுவருக்குள் புதைத்த பைப் என்றால் தடிமன் போதுமா என்று பார்த்து, நன்றாகக் கழுவி, பிரஷர் போட்டுத் தாங்கினால் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கழற்றும்போது மிச்சக் கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைக்கிற பம்ப் டவுனை நிறையப் பேர் வழக்கமாகச் செய்வார்கள். லீக் இருக்கிற மெஷினில் அது வேண்டாம், ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போய்க் கம்ப்ரசர் வெடித்த விபத்துகள் நடந்திருக்கின்றன. கேஸைத் தனி சிலிண்டருக்குள் இழுக்கிற ரெக்கவரி மெஷினில் எடுப்பவரைக் கூப்பிடுங்கள்.

புதுப் பைப் 0.8 மில்லிமீட்டர் தடிமனுக்குக் குறையாத செம்பாக இருக்கட்டும், மேலே கறுப்பு நைட்ரைல் ரப்பர் இன்சுலேஷன், இரண்டு பைப்புக்கும் தனித்தனியாக. சுவருக்குள் போகிறது என்றால் உள்ளே ஜாயின்ட்டே இருக்கக் கூடாது, பூசுவதற்கு முன் நைட்ரஜன் போட்டு ஒரு ராத்திரி அழுத்தம் இறங்காமல் நிற்க வேண்டும். மாட்டிய பிறகு பம்ப் வைத்து உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி வேக்யூம் எடுக்கச் சொல்லுங்கள், கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளுகிற வேலை வேண்டாம், உள்ளே ஈரம் நின்றுவிடும். கேஸை வெளி யூனிட் ஸ்டிக்கரில் போட்டிருக்கிற எடைக்குத் தராசில் வைத்து ஏற்றட்டும், பைப் முன்பைவிட நீளம் என்றால் கூடுதல் எவ்வளவு என்பது மேனுவலில் இருக்கும்.