லண்டனின் கேனரி வார்ஃப் பகுதி கப்பல் துறையிலிருந்து வங்கிகளின் இடமாக மாறியது எப்படி?

சுருக்கமாகச் சொன்னால், கன்டெய்னர் வந்தது, துறைமுகம் போனது.

தேம்ஸ் ஆறு வளைந்து மூன்று பக்கமும் சுற்றிக்கொள்ளும் நிலம் இது. முன்பெல்லாம் கப்பல்கள் ஆற்றிலேயே வரிசையில் காத்துக் கிடக்கும், சரக்கும் திருட்டுப் போகும். அதைத் தடுக்க 1802-இல் உயர்ந்த மதில்களோடு வெஸ்ட் இண்டியா கப்பல் துறைகளைத் திறந்தார்கள். வந்து இறங்கிய சர்க்கரையும் ரம்மும் கரீபியத் தோட்டங்களில் அடிமைகள் உழைப்பில் விளைந்தவை. இதை விட்டுவிட்டு இந்த இடத்தின் வரலாற்றைப் பேசக் கூடாது.

சுமை இறக்கியவர்களுக்கு நிரந்தர வேலை கிடையாது. தினமும் காலையில் வாசலில் நின்று, கூப்பிட்டால்தான் கூலி. மணிக்கு ஆறு பென்னி வாங்கவே 1889-இல் பெரிய வேலைநிறுத்தம் நடத்த வேண்டியிருந்தது.

அப்புறம் 1940-இல் ஜெர்மானியக் குண்டுவீச்சு. அதிலிருந்துகூட மீண்டார்கள். ஆனால் பெரிய கன்டெய்னர் கப்பல்கள் கடலுக்கு அருகிலுள்ள டில்பரி துறைமுகத்தோடு நின்றுவிட்டதால், 1980-இல் இந்தத் துறைகள் மூடப்பட்டன.

அடுத்த ஆண்டே அரசு தனி வளர்ச்சிக் கழகம் அமைத்தது. 1987-இல் இலகு ரயில் வந்தது, 1991-இல் 235 மீட்டர் உயர அலுவலகக் கோபுரம் எழுந்தது. ஆனால் போதிய போக்குவரத்து இல்லை. கட்டிய நிறுவனம் 1992-இல் திவாலானது. 1999-இல் ஜூபிலி பாதாள ரயில் வந்த பிறகுதான் இடம் சூடுபிடித்தது.

என் பார்வையில், ரயில் முதலில் வந்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை, புதிய வங்கி வேலைகளில் பெரும்பாலானவை பழைய துறைமுகத் தொழிலாளிகளுக்கு ஏற்றவையாக இல்லை என்பதுதான்.