புது எச்டி டிவியில் டிவிடி படம் மங்கலாகத் தெரிவது ஏன்?

பழைய டப்பா டிவியில் நன்றாகத் தெரிந்த டிவிடி புது ஃபுல் எச்டி டிவியில் கலங்கலாக இருக்கிறது, டிவியில் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் கோளாறு இல்லை. நம் ஊரின் பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறைக்கான டிவிடியில் இருப்பதே 720x576 புள்ளிகள்தான், உங்கள் திரையிலோ 1920x1080, அதாவது சரியாக ஐந்து மடங்கு, ஆக மீதிப் புள்ளிகளை டிவி தானாகக் கணக்குப் போட்டு நிரப்பியாக வேண்டும்.

முதலில் கேபிளைப் பாருங்கள். மஞ்சள் முனை கேபிள் என்றால் அதை மாற்றியே ஆக வேண்டும், ஏனென்றால் வெளிச்சமும் நிறமும் அந்த ஒரே கம்பியில் கலந்து வருவதால் எழுத்து ஓரங்களில் நிறம் கசியும். பிளேயரில் எச்டிஎம்ஐ இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் பச்சை, நீலம், சிவப்பு மூன்று முனை கொண்ட காம்போனென்ட் கேபிள், கூடவே பிளேயர் மெனுவில் புரோகிரசிவ் ஸ்கேனை, அதாவது படத்தின் எல்லா வரிகளையும் ஒரே தடவையில் அனுப்பும் வசதியை, ஆன் செய்யுங்கள்.

அதே மெனுவில் டிவி வடிவம் 4:3 (பழைய டப்பா டிவியின் வடிவம்) என்று இருந்தால் 16:9 (அகலத் திரை) ஆக்குங்கள். அப்புறம் டிவியில் விவிட் மோடை விட்டு சினிமா மோடுக்கு வந்து ஷார்ப்னஸை நன்றாகக் குறையுங்கள், பலரும் படம் தெளியும் என்று அதைக் கூட்டுகிறார்கள், அது கட்டம் கட்டமான குறைகளைத்தான் எடுத்துக் காட்டும்.

இவ்வளவு செய்தும் மோசம் என்றால் வட்டைச் சந்தேகப்படுங்கள். ஒரே 4.7 ஜிபி வட்டில் மூன்று நான்கு படங்களைத் திணித்திருந்தால் எந்த கேபிளாலும் காப்பாற்ற முடியாது.