மீட்புப் பணமும் பறிபோன நிலமும்: கெனில்வொர்த் தீர்ப்பு பற்றிக் கேள்வி பதில்

இங்கிலாந்தில் 1264 முதல் 1267 வரை மூன்றாம் ஹென்றி அரசருக்கும் பிரபுக்களுக்கும் நடந்த போரைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். பெரிய பிரபுக்களுக்கு மன்னிப்புக் கிடைத்தது சரி, அவர்கள் பின்னால் போனவர்களின் நிலம் என்ன ஆயிற்று என்பதே பெரும்பாலான கேள்விகளின் சாரம். எனக்கும் பல வருடங்களாக மனத்தை அரிக்கும் விஷயம் இது. இதற்கு வழி சொன்னதுதான் 1266இல் வந்த கெனில்வொர்த் தீர்ப்பு.

கேள்வி: நிலத்தை முறையாக உத்தரவு போட்டுத்தான் பறித்தார்களா?

பதில்: பறிப்பு முதலில் நடந்தது, உத்தரவு பிறகு வந்தது. 1265 ஆகஸ்ட் 4 அன்று எவ்ஷம் போரில் கலகத் தலைவர் சைமன் டி மான்ட்ஃபோர்ட் கொல்லப்பட்டார். செய்தி பரவிய கையோடு, அரசர் பக்கத்துப் பிரபுக்களின் ஆட்கள் தோற்றவர்களின் பண்ணைகளுக்குள் புகுந்துவிட்டார்கள். செப்டம்பரில் வின்செஸ்டரில் கூடிய சபை, எதிர்த்து நின்ற அனைவரின் நிலத்தையும் அரசருடையது என்று அறிவித்தது. செப்டம்பர் 29, மைக்கேல் திருநாள், நிலக் குத்தகை கட்டும் தவணை நாள். அந்தத் தவணையை வசூலித்து அரசருக்குச் சேர்க்க ஆட்கள் போனார்கள். உழுதவன் அதே உழவன். பணம் வாங்கிய கை மட்டும் வேறு.

கேள்வி: அத்தோடு அடங்கிவிட்டார்களா?

பதில்: இழக்க ஒன்றுமில்லாதவன் எப்படி அடங்குவான்? ‘நிலமிழந்தோர்’ என்றே அவர்களுக்குப் பெயர் விழுந்தது. கெனில்வொர்த் கோட்டையிலும் ஏலி சதுப்பு நிலத்திலும் ஒளிந்து சண்டையிட்டார்கள். 1266 ஜூனில் தொடங்கிய கெனில்வொர்த் முற்றுகை டிசம்பர் வரை நீண்டது. போப்பின் தூதர் கர்தினால் ஒட்டோபுவோனோவின் முயற்சியோடு 12 பேர் குழு அமைந்து, அக்டோபர் 31 அன்று கெனில்வொர்த் தீர்ப்பை அறிவித்தது. அதன் உயிர்நாடி ஒரே வரி: நிலத்தை அடியோடு பறிப்பதில்லை, பணம் கட்டி மீட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: எவ்வளவு கட்ட வேண்டும்?

பதில்: நிலத்தின் ஆண்டு வருமானமே அளவுகோல். ஆயுதம் ஏந்திப் போரிட்டவருக்கு அதைப்போல ஐந்து மடங்கு. பொய் சொல்லி ஆள் சேர்த்துவிட்டவருக்கு இரண்டு மடங்கு. டெர்பி பிரபு ராபர்ட் ஃபெரர்ஸுக்கும், கெனில்வொர்த் கோட்டையைக் காத்த ஹென்றி ஹேஸ்டிங்ஸுக்கும் ஏழு மடங்கு. அன்று நிலம் விலைக்குப் போனால் சுமார் பத்து மடங்கு கிடைக்கும். ஆகவே ஐந்து மடங்கு என்பது தன் சொந்த நிலத்தைப் பாதி விலை கொடுத்துத் திரும்ப வாங்குவதற்குச் சமம்.

கேள்வி: எஜமான் கூப்பிட்டதால் போனவனுக்கும் அதே தண்டனையா ஐயா?

பதில்: இல்லை. பயத்தாலோ பலவந்தத்தாலோ போனவன், போரிடவும் இல்லை, தீங்கு செய்யவும் இல்லை என்றால் ஓராண்டு வருமானம் போதும். அந்தக் காலத்துச் சட்டத்தில் இப்படி ஒரு வரி இருப்பதைக் கண்டு நெகிழ்ந்திருக்கிறேன். நிலமில்லாமல் பொருள் மட்டும் உள்ள கொள்ளைக்கார வீரன் பாதிப் பொருளைக் கொடுத்து, ஒழுங்காக நடப்பதற்குப் பிணையும் தர வேண்டும்.

கேள்வி: நிலமே கையில் இல்லை. பணம் எங்கிருந்து வரும்?

பதில்: நெற்றியடியான கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 20 பவுண்டு வரும் நிலம் என்றால் மீட்புப் பணம் 100 பவுண்டு. அதைக் கட்டி முடிக்கும்வரை நிலம், அரசரிடமிருந்து அதைப் பெற்ற புதியவரிடம். விளைச்சலும் அவருக்கே, குத்தகையும் அவருக்கே. பழைய உடைமைக்காரர் யாரிடம் போய்க் கையேந்துவார்? ஏலியில் இருந்தவர்கள் தீர்ப்பை ஏற்காமல் தொடர்ந்து எதிர்த்ததை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

முடிச்சை அவிழ்த்தவர் குளோஸ்டர் பிரபு கில்பர்ட் டி கிளேர். எவ்ஷமில் அரசர் பக்கம் நின்றவர், தீர்ப்பு எழுதிய பன்னிருவரிலும் ஒருவர். அவரே 1267 ஏப்ரலில் படையோடு லண்டனுக்குள் நுழைந்து, நிலமிழந்தோருக்காக வாதாடினார். பறித்த நிலங்களை வைத்திருந்த ரோஜர் மார்ட்டிமர் போன்றவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஜூனில் உடன்பாடு வந்தது: முதலில் நிலத்தில் ஏறலாம், பிறகு பணம் கட்டலாம். அமைதியைக் கொண்டுவந்தது 1266 தீர்ப்பைவிட இந்த ஒரு திருத்தம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஜூலையில் ஏலியும் பணிந்தது.

கேள்வி: கலகமே செய்யாதவரின் நிலத்தையும் பறித்தார்களா?

பதில்: பறித்தார்கள். வேண்டாதவரைக் கலகக்காரர் என்று சொல்லி நிலத்தை அமுக்கிக்கொண்டவர்கள் உண்டு. இதை விசாரிக்கவே 1267 முதல் நீதிபதிகள் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றினார்கள். யார் போரிட்டார், யார் நிலத்தில் புகுந்தார் என்று உள்ளூர் ஜூரிகள் சத்தியம் செய்து சொல்ல வேண்டும்.

கேள்வி: எல்லோருக்கும் திரும்பக் கிடைத்ததா?

பதில்: இல்லை. மான்ட்ஃபோர்ட்டின் லெஸ்டர் பிரபுப் பட்டத்தையும் நிலத்தையும் அரசர் தன் இளைய மகன் எட்மண்டுக்குக் கொடுத்துவிட்டார். ஃபெரர்ஸின் நிலமும் எட்மண்டிடமே இருந்தது. 1269 மே மாதம், காவலில் இருந்த ஃபெரர்ஸிடம் ஒரு பத்திரத்தில் ஒப்புதல் வாங்கினார்கள்: ஜூலைக்குள் 50,000 பவுண்டை ஒரே தவணையில் கட்ட வேண்டும். எந்தப் பிரபுவாலும் இயலாத தொகை. பிணை நின்றவர்கள், பணம் வரவில்லை என்று நிலத்தை எட்மண்டிடமே ஒப்படைத்தார்கள். பிற்பாடு வழக்காடி சார்ட்லி பண்ணையை மீட்டார் ஃபெரர்ஸ். அவருடைய டட்பரி கோட்டை இன்றும் லங்காஸ்டர் டச்சியின், அதாவது ஆளும் அரசரின் தனிப் பண்ணைச் சொத்துத் தொகுப்பின், உடைமையாகவே இருக்கிறது.