பாறைக்குள் வெந்த கார்பன்: கேள்வி பதில்

கேள்வி: கடலடிச் சேற்றில் புதைந்த பாசி பென்சில் முனையாகுமாமே, நிஜமா சார்?

நிஜம்தான், ஆனால் ஒரே தாவலில் அல்ல. சேறு இறுகிப் பாறையாகும்போது பாசி கெரோஜென் என்ற திடக் கரிமப் பொருள் ஆகிறது. சுமார் 60 முதல் 120 டிகிரி செல்சியஸில் அதிலிருந்து எண்ணெய் பிரியும், அப்புறம் எரிவாயு. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கழன்றபின் மிஞ்சும் கார்பன், கலைத்துப் போட்ட சீட்டு மாதிரி தாறுமாறாகக் கிடக்கும். பூமிக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் பாறை மாறுவதை உருமாற்றம் என்போம்; அதில் சூடு ஏற ஏற கார்பன் அடுக்கடுக்காக ஒழுங்காகி, பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட் ஆகும். சிவகங்கைப் பக்கத்துக் கிராஃபைட் பாறையில் செதில்கள் வெள்ளிபோல மினுங்கும்; கட்டைவிரலால் தேய்த்தால் ரேகையெல்லாம் கறுப்பு.

கேள்வி: எவ்வளவு சூட்டில் வெந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

ராமன் நிறமாலைமானி வைத்து; லேசர் பட்டுச் சிதறும் ஒளியை அளக்கும் கருவி அது. லேசரை அடித்தால் இரண்டு முகடுகள் எழும்: அலைஎண் (ஒரு செ.மீ.க்கு) 1350 அருகே வருவது ஒழுங்கின்மையைக் காட்டும், 1580 அருகே வருவது கிராஃபைட்டின் முகடு. பாறை சூட்டில் வெந்துகொண்டே போகப் போக முதலாவது சிறுத்துவிடும். 2002இல் புவியியலாளர் பெய்சாக்கும் சகாக்களும் இதை வெப்பமானியாக்கினார்கள். 330 முதல் 650 டிகிரி வரை செல்லும், 50 டிகிரி முன்பின் இருக்கலாம். எனக்கு இதில் பிடித்ததே வேறு. பாறை மேலே வந்து ஆறினாலும் அடுக்கிய சீட்டு மறுபடி கலையாது. அதனால் பட்ட உச்ச வெப்பம் அப்படியே பதிவாகி இருக்கும்.

கேள்வி: இலங்கை போகல சுரங்கத்துக் கிராஃபைட்டும் இப்படித்தானா?

இல்லை. அது விரிசல்களில் ஓடிய கார்பன் கலந்த பாய்மம் படிய வைத்த நரம்பு. இந்த வெப்பமானியை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: இன்னும் அழுத்தினால் நிலக்கரி வைரமாகுமா?

பள்ளிக்கூடக் கதை! பெரும்பாலான வைரங்கள் 150 கிலோமீட்டருக்கும் கீழே, பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள மேன்டிலில் பிறந்தவை. கஜகஸ்தானின் கோக்செதாவ் போன்ற சில இடங்களில் மட்டும் ஆழத்துக்குப் போய்த் திரும்பிய உருமாறிய பாறைகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்வைரங்கள் உண்டு.

கேள்வி: பழைய பாறையில் கிராஃபைட் இருந்தால் உயிர் இருந்தது என்று சொல்லலாமா?

அவசரப்படக் கூடாது. கார்பனில் எடை வேறுபட்ட வகைகள் (ஐசோடோப்புகள்) உண்டு; அவற்றில் லேசான கார்பன் 12ஐ உயிர்கள் விரும்பி எடுக்கும். கிரீன்லாந்தின் இசுவாவில், 370 கோடி ஆண்டுக்கு மேல் வயதான படிவுகளில், கார்பன் 12 மிகுந்த அந்தச் சாயலை 1999இல் புவியியலாளர் மினிக் ரோசிங் காட்டினார். ஆனால் கடும் சூட்டில் கிராஃபைட் பக்கத்துக் கார்பனேட்டோடு ஐசோடோப்பை மாற்றிக்கொள்ளும், சாயல் மங்கிவிடும். தவிர, சிடரைட் என்ற இரும்புக் கார்பனேட் சிதைந்தாலும் கிராஃபைட் வரும், உயிரே தேவையில்லை. ரோசிங்கின் வாதத்துக்கு வலு, அந்தக் கார்பன் சேறாகப் படிந்த அடுக்கிலேயே இருந்ததுதான். ஆகவே முதலில் அது எந்த அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள், ஐசோடோப்பு அளவை அப்புறம் பார்க்கலாம்.