சி.இ.சி.யை நிப்பாட்டினால் சவுண்ட்பார் ஏன் ஊமையாகிறது?

கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ரீவிக்கும் சவுண்ட்பாருக்கும் நடுவில எச்.டி.எம்.ஐ. வயர்தான் கொழுவியிருக்கு. அம்மம்மா நாடகம் பாத்துக்கொண்டிருக்கேக்க மகன்ர கேம் பெட்டி தானா முழிச்சு ரீவியைத் தன்ர பக்கம் இழுத்துப்போடும். மகன் ரீவி செட்டிங்ஸுக்குள்ள போய் எச்.டி.எம்.ஐ. கட்டுப்பாட்டை நிப்பாட்டிவிட்டான். இப்ப அந்தக் கூத்து நிண்டிட்டுது, சவுண்ட்பாரில சத்தமும் நிண்டிட்டுது. கட்டுப்பாடு இல்லாமல் சவுண்ட்பாரைப் பாவிக்க வழி இருக்கோ?"

வழி இருக்கிறது. சவுண்ட்பார் பழுதாகவில்லை, அதைத் தூக்கிக்கொண்டு திருத்துமிடத்துக்கு அலையவேண்டாம்.

எச்.டி.எம்.ஐ. வயரின் முனையில் 19 பின்கள் உண்டு. அதில் 13ஆவது பின்தான் சி.இ.சி. என்கிற கட்டுப்பாட்டு வழி. சாம்சுங் இதற்கு எனிநெட் பிளஸ் என்று பெயர் வைத்திருக்கிறது, எல்.ஜி. சிம்பிளிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. பெயர்தான் வேறு, சாமான் ஒன்றுதான். ரீவியோடு கொழுவிய எல்லாப் பெட்டிகளுக்கும் இது பொது வழி. ஒன்று கதைத்தால் மற்றதெல்லாம் கேட்கும். கேம் பெட்டி முழித்தவுடன் "இனி என்னைக் காட்டு" என்று சொல்லும், ரீவியும் கீழ்ப்படியும்.

ரீவியில் இருந்து சவுண்ட்பாருக்கு ஒலி திரும்பிப் போகும் வழிக்கு ஏ.ஆர்.சி. என்று பெயர். 2009இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 உடன் அறிமுகமானது. அந்த ஒலி 13ஆவது பின்னில் போவதில்லை. ஆனால் ஒலியை அனுப்ப முதல் ரீவியும் சவுண்ட்பாரும் "அனுப்பட்டோ?", "அனுப்பு" என்று பேசி முடிப்பது சி.இ.சி. வழியாகத்தான். அந்தப் பேச்சை உங்கள் மகன் வெட்டிவிட்டார். வழி அப்படியே கிடக்கிறது, படலைதான் பூட்டு.

ஆகவே முதலில் செய்யவேண்டியது: ரீவியில் கட்டுப்பாட்டைத் திரும்பப் போட்டுவிட்டு, குழப்பம் செய்கிற பெட்டியில் மட்டும் நிப்பாட்டுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் இதற்குத் தனி சுவிட்ச் உண்டு. பிளேஸ்டேஷன் என்றால் எச்.டி.எம்.ஐ. டிவைஸ் லிங்க் என்ற பெயரில் இருக்கும். பலருடைய பிரச்சினை இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால், அல்லது ரீவியில் அந்தக் கட்டுப்பாடு இருக்கவே கூடாது என்று நீங்கள் நினைத்தால், ஒப்ரிக்கல் வயருக்கு மாறுங்கள். என்னைக் கேட்டால் எங்கள் ஊருக்கு இது ஒருவகையில் நல்லதும்கூட. அதில் போவது வெளிச்சம், மின்சாரம் அல்ல. மாரியில் மின்னல் அடித்து டிஷ் வயர் வழியாக ரீவிக்குள் பாய்ந்தாலும், இந்த வயரால் சவுண்ட்பாருக்குத் தாவாது. (அதற்காக இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்றாமல் விடவேண்டாம், கரண்ட் வயர் வழியாக வருவதை இது தடுக்காது.) கொழுவ முதல் வயரின் இரண்டு முனையிலும் உள்ள சின்னக் கண்ணாடி நிற மூடியைக் கழற்றுங்கள். சிரிக்காதீர்கள், "சத்தம் வருகுதில்லை" என்று என்னிடம் வருகிறவர்களில் சிலர் அந்த மூடியோடேயே கொழுவியிருப்பார்கள். வயரைச் சுவரோடு மடித்து நசுக்கவும் கூடாது. பிறகு ரீவியில் ஒலி வெளியீட்டை ஒப்ரிக்கல் என்றும், சவுண்ட்பாரில் உள்ளீட்டை ஒப்ரிக்கல் என்றும் மாற்றுங்கள். அப்போதும் சத்தம் இல்லையென்றால் ரீவியின் டிஜிட்டல் ஒலியைப் பி.சி.எம். (சுருக்காத சாதாரண ஒலி) ஆக்குங்கள், அநேகமாக உயிர் வரும்.

இழப்பு என்ன? தலைக்கு மேலிருந்தும் சத்தம் வருவதுபோல் காட்டும் டொல்பி அட்மொஸ் ஒப்ரிக்கலில் போகாது, சுற்றிவரக் கேட்கிற சாதாரண டொல்பி 5.1 வரைதான். நாடகத்துக்கும் செய்திக்கும் இதை யாரும் கவனிக்கமாட்டார்கள். உண்மையான தொல்லை றிமோட். ரீவி றிமோட்டில் சத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் பெரும்பாலும் சவுண்ட்பார் அசையாது, அதைப் போட நிப்பாட்டவும் அதன் சொந்த றிமோட் வேண்டும். சில சவுண்ட்பார்கள் ரீவி றிமோட்டின் சத்தப் பொத்தானைப் படித்து வைத்துக்கொள்ளும், கையேட்டில் பாருங்கள். ஒலி உதட்டசைவுக்கு முந்தி வந்தால் சவுண்ட்பாரின் ஒலித் தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

ஏ.ஆர்.சி.யின் புதிய வடிவமான ஈ.ஏ.ஆர்.சி. என்று ரீவி, சவுண்ட்பார் இரண்டிலும் எழுதியிருந்தால் இன்னொரு வாய்ப்பு உண்டு. அது தன் பேச்சைத் தன் வழியிலேயே முடித்துக்கொள்ளும், விதிப்படி சி.இ.சி. தேவையில்லை. ஆனால் சில ரீவிகளில் சி.இ.சி.யை நிப்பாட்டினால் ஈ.ஏ.ஆர்.சி.யும் சேர்ந்து போய்விடும். போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அம்மம்மாவுக்கு ஒரே றிமோட்தான் சரிவரும் என்றால், ரீவியில் ஹெட்போன் துளை இருக்கிறதா என்று பின்பக்கம் தடவிப் பாருங்கள். புதிய ரீவிகள் பலவற்றில் அதை எடுத்துவிட்டார்கள். இருந்தால், ஒரு 3.5 மில்லிமீற்றர் வயரைச் சவுண்ட்பாரின் ஓக்ஸ் துளைக்குக் கொழுவி, சவுண்ட்பாரின் சத்தத்தை நடு அளவில் விட்டுவிடுங்கள். அந்தத் துளையில் வரும் ஒலி பெரும்பாலும் ரீவி றிமோட்டோடு கூடும், குறையும். பெறுமதியான சவுண்ட்பாரை வாங்கி இப்படிப் பழைய வயரில் ஓட்டுவதா என்று மகன் முகத்தைச் சுளிப்பார். அவர் படம் பார்க்கும்போது ஒப்ரிக்கலுக்கு மாற்றிக்கொள்ளட்டும், இரண்டு வயரையும் ஒன்றாகக் கொழுவி வைக்கலாம்.