எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று வாதாடுவதில் விஷயம் இருக்கிறதா? 2019 ஆர்க் பந்தயத்தை வைத்து ஒரு பதில்

கேள்வி: உலகின் பெரிய குதிரைப் பந்தயங்களில் எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று வாரக்கணக்கில் வாதாடுகிறார்களே, அதில் உண்மையிலேயே விஷயம் இருக்கிறதா? இல்லை, எல்லாமே குருட்டு அதிர்ஷ்டமா?

விஷயம் இருக்கிறது, அதுவும் நிறையவே. ஆனால் எது நல்ல குதிரை என்பதுதான் அந்த வாதம் என்று நினைத்தால் ஆரம்பத்திலேயே வழி தவறிவிடும். நல்ல குதிரை எது என்பது பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அன்றைய தரையில், அந்தத் தூரத்தில், ஜாக்கியும் சேணமும் சேர்ந்த அந்த எடையைச் சுமந்துகொண்டு எது முன்னால் வரும் என்பதைப் பற்றித்தான் வாதாடுகிறோம். இது இரண்டும் ஒன்றல்ல.

அதிர்ஷ்டமா திறமையா என்பது நம் ஊருக்கும் பழைய கேள்விதான். மெட்ராஸ் ரேஸ் கிளப் தொடர்பான வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயத்தில் வெற்றி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று தீர்ப்புச் சொன்னது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கி, முந்தைய ஓட்டங்கள் எல்லாவற்றையும் எடைபோட முடியும் என்பதுதான் அதற்கு அடிப்படை. சட்ட விஷயத்தை விட்டுவிடுவோம். எடைபோடுவது எப்படி என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பந்தயத்தை வைத்தே சொல்கிறேன்.

பாரிஸில் லாங்ஷாம்ப் மைதானத்தில் அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை நடப்பது பிரி த லார்க் த த்ரியோம்ஃப். சுருக்கமாக ஆர்க். புல்தரையில் 2400 மீட்டர் ஓட்டம். தாண்ட வேண்டிய தடைகள் எதுவும் கிடையாது. 3 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண், பெண் குதிரைகள் ஓடலாம். 2019ல் காயடித்த குதிரைகளுக்கு இடமிருக்கவில்லை. ஐரோப்பாவின் சீசன் முழுக்கத் தனித்தனியாக ஓடி ஜெயித்த குதிரைகள் எல்லாம் கடைசியில் இங்கேதான் மோதிக்கொள்ளும். அதனால்தான் வாதமும் இங்கே சூடாகிறது.

2019 அக்டோபர் 6. மொத்தம் 12 குதிரைகள். ஃபேவரிட் எனேபிள் என்ற 5 வயதுப் பெண் குதிரை. டிரெய்னர் ஜான் காஸ்டன், ஜாக்கி ஃபிராங்கி டெட்டோரி. 2017லும் 2018லும் ஆர்க்கை ஜெயித்திருந்தது. தொடர்ந்து 12 வெற்றிகள், அதில் 10 குரூப் ஒன், அதாவது உச்சத் தரப் பந்தயங்கள். அதுவரை எந்தக் குதிரையும் ஆர்க்கை மூன்று முறை ஜெயித்ததில்லை. ட்ரெவ் என்ற குதிரை 2015ல் முயன்று நான்காவதாக வந்தது. ஆகவே எனேபிள் ஓடியது பந்தயத்துக்காக மட்டுமல்ல, வரலாற்றுக்காகவும்தான். அந்த வாரம் முழுக்க உலகம் அதன் பக்கம் சாய்ந்திருந்தது. என் மனசும் அப்படித்தான்.

ஆனால் மனசு ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம். அந்த வாரம் நானும் ஒரு நண்பரும் தினமும் போனில் வாதாடினோம். அவர் பெங்களூரு ரேஸை ஒரு சீசன் விடாமல் பார்ப்பவர். அவருடைய கட்சி ஜப்பான். நாடு இல்லை, அயர்லாந்து டிரெய்னர் எய்டன் ஓபிரையன் அனுப்பிய 3 வயது ஆண் குதிரையின் பெயர். “கணக்குப் போட்டுப் பாருங்க சார்,” என்பார். ஜூலையில் ஆஸ்காட்டில் நடந்த கிங் ஜார்ஜ் பந்தயத்தில் எனேபிள், கிரிஸ்டல் ஓஷன் என்ற குதிரையை ஒரு கழுத்து வித்தியாசத்தில்தான் ஜெயித்தது. ஆகஸ்டில் யார்க்கில் அதே கிரிஸ்டல் ஓஷனை ஜப்பான் ஒரு தலை வித்தியாசத்தில் ஜெயித்தது. அப்படியானால் இரண்டும் ஏறக்குறைய சமம். மேலும் ஆர்க்கில் 3 வயது ஆண் குதிரைக்கு 56.5 கிலோ, எனேபிளுக்கு 58 கிலோ. ஒன்றரை கிலோ லாபம். முடிந்தது கதை என்பார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பொதுவான ஒரு குதிரையை நடுவில் வைத்து இரண்டை ஒப்பிடுவது ரேஸ்காரர்கள் எல்லோருக்கும் பழக்கமான வழி. ஆனால் இதில் எனக்கு நம்பிக்கை குறைவு, காரணமும் உண்டு. யார்க் பந்தயம் சுமார் 2050 மீட்டர், ஆஸ்காட் சுமார் 2400 மீட்டர். யார்க்கிலும் ஜப்பானுக்கு வயது குறைவு என்பதால் எடையில் சலுகை இருந்தது. ஆர்க்கில் அதையே மறுபடியும் புது லாபமாக எழுதிக்கொள்ளக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆஸ்காட்டில் கிரிஸ்டல் ஓஷன் உயிரைக் கொடுத்து ஓடியது. நேர்ப்பாதை முழுக்க எனேபிளும் அதுவும் தோளோடு தோள் உரசி ஓடிய அந்த ஓட்டத்தை வீடியோவில் பார்த்தால் யாருக்கும் புரியும். அப்படி ஓடிய குதிரை சில வாரம் கழித்து யார்க்கில் அதே குதிரையாக இருந்ததா? அந்தக் கேள்விக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

கய்யாத் கட்சிக்காரர்களும் இருந்தார்கள். செப்டம்பரில் பாடன்-பாடனில் 14 லெங்த் வித்தியாசத்தில் ஜெயித்த குதிரை. (ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் உடல் நீளம்.) 14 லெங்த் என்றால் யாருக்கும் கண் கூசத்தான் செய்யும். ஆனால் முன்னால் ஓடி எல்லோரையும் களைக்க வைத்து ஜெயிக்கிற குதிரை அது. தன் இஷ்டத்துக்கு ஓட விட்டால் ராஜா. பக்கத்திலேயே இன்னொன்று விரட்டிக்கொண்டு வந்தால்? ஆர்க்கில் யாரும் சும்மா விடமாட்டார்கள்.

ஃபிரெஞ்சு டெர்பியை ஜெயித்த சொட்சாஸ், அயர்லாந்திலிருந்து மேஜிக்கல், ஜப்பான் நாட்டிலிருந்து வந்த மூன்று குதிரைகள் என்று மற்றவற்றுக்கும் ஆதரவாளர்கள் இருந்தார்கள். மேஜிக்கல் நல்ல குதிரைதான், ஆனால் அந்த ஆண்டிலேயே எனேபிளிடம் இரண்டு முறை தோற்றிருந்தது.

இப்போது வால்ட்கைஸ்ட். 5 வயது ஆண் குதிரை, டிரெய்னர் ஆந்த்ரே ஃபாப்ர், ஜாக்கி பியர்-ஷார்ல் புதோ. 2018 ஆர்க்கில் நான்காவது. 2019 கிங் ஜார்ஜில், எனேபிளும் கிரிஸ்டல் ஓஷனும் மோதிக்கொண்டதே, அவற்றுக்கு 1¾ லெங்த் பின்னால் மூன்றாவது. இரண்டிலும் எனேபிள் முன்னால். காகிதத்தில் பார்த்தால் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணமும் இல்லை. பந்தயப் பணம் வாங்கும் புக்கிகள் 13க்கு 1 என்ற அளவில், அதாவது 1 ரூபாய் வைத்தால் 13 ரூபாய் லாபம் என்று கொடுத்தார்கள். எனேபிளுக்கு 2 ரூபாய் வைத்தால் 1 ரூபாய்தான் லாபம்.

ஆனால் நான் முதல் மூன்று இடங்களில் அதைக் கட்டாயம் வைத்திருந்தேன். ஏன் என்றால், முதலில் தரை. பந்தயத்துக்கு முன் பாரிஸில் மழை. மைதானம் மிகவும் இளகிய தரை என்று அறிவித்தார்கள். பிரான்ஸில் இதைக் கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை. ஒரு கம்பியைத் தரையில் இறக்கி, எவ்வளவு ஆழம் போகிறது என்று அளக்கிறார்கள். வயலில் சேற்று உழவு நடக்கும்போது நடந்து பார்த்தவர்களுக்கு இது சொல்லியே தெரிய வேண்டாம்: ஒவ்வோர் அடிக்கும் காலை இழுத்து எடுக்க வேண்டும். 2400 மீட்டர் அப்படி ஓடினால் வேகத்தைவிடத் தம் முக்கியம். வால்ட்கைஸ்டின் தாய்வழித் தாத்தா மொன்சுன் என்ற ஜெர்மன் குதிரை. இளகிய தரையில் சளைக்காத வம்சம் என்று பெயர் வாங்கியது. எனேபிளும் ஈரத் தரையில் ஓடி ஜெயித்த குதிரைதான், ஆனால் அதன் பலமே திடீரென்று எடுக்கும் அந்த வேகம். சேற்றில் அது மழுங்கும்.

அடுத்தது, மைதானம். லாங்ஷாம்பில் முதலில் ஓர் ஏற்றம், பிறகு இறக்கத்தோடு வளைவு, அதற்கப்புறம் ஒரு நேரான துண்டு வரும். கடைசி நேர்ப்பாதை வந்துவிட்டது போலவே இருக்கும், ஆனால் வராது. பொய் நேர்ப்பாதை என்றே அதற்குப் பெயர். அதில் ஏமாந்து குதிரையை விரட்டினால், பிறகு வரும் 500 மீட்டருக்கு மேல் நீளமான அசல் நேர்ப்பாதைக்குத் தம் இருக்காது. செப்டம்பரில் இதே மைதானத்தில், இதே தூரத்தில், ஃபுவா பந்தயத்தை வால்ட்கைஸ்ட் ஜெயித்திருந்தது. எனேபிளோ ஜூலையில் ஆஸ்காட்டில் அவ்வளவு அடித்துப் பிடித்து ஓடிய பிறகு, ஆகஸ்டில் யார்க்கிலும் ஓடியிருந்தது. ஃபாப்ரும் சாதாரண ஆள் இல்லை. அதற்கு முன்பே ஏழு ஆர்க் ஜெயித்தவர். அவர் ஒரு குதிரையை அக்டோபருக்கென்று தயார் செய்தால் ஜூலையில் அது மூன்றாவது வந்ததை வைத்து முடிவு கட்ட முடியாது.

பந்தயத்தைப் பாருங்கள், வீடியோ இணையத்தில் கிடைக்கிறது. கய்யாத்தும் மேஜிக்கலும் முன்னால், ஓட்டம் ஆரம்பத்திலிருந்தே வேகம். பின்னால் காத்திருந்தவர்களுக்கு அதுவே சாதகமானது. நேர்ப்பாதையில் டெட்டோரி எனேபிளை முன்னால் கொண்டுவந்தபோது மைதானமே எழுந்து நின்றது. வரலாறு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கொஞ்சம் வெளிப்பக்கமாக வால்ட்கைஸ்ட் வந்துகொண்டிருந்ததை அப்போது எத்தனை பேர் கவனித்தார்கள் என்று தெரியாது. கடைசி நூறு மீட்டரில் எனேபிளின் பாய்ச்சல் சிறுத்துப்போனது. சட்டென்று நின்றுவிடவில்லை, ஒவ்வோர் அடியும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வால்ட்கைஸ்டின் பாய்ச்சல் அப்படியே இருந்தது. 1¾ லெங்த் வித்தியாசம். அதுவும் 59.5 கிலோ சுமந்து, எனேபிளைவிட ஒன்றரை கிலோ அதிகமாக. மூன்றாவது சொட்சாஸ், நான்காவது ஜப்பான், ஐந்தாவது மேஜிக்கல். கய்யாத் பின்வரிசையில் காணாமல் போனது.

அன்று எனேபிள் தோற்றதில் எனக்கு வருத்தம், இன்றைக்கும் உண்டு. ஆனால் அது கெட்ட ஓட்டம் என்று சொன்னவர்களை நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தத் தரையில், அந்த வேகத்தில், 12 குதிரைகளில் 10ஐப் பின்னால் விட்டு வந்திருக்கிறது. சிறந்த குதிரை எது என்று அன்று இரவு கேட்டிருந்தாலும் எனேபிள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பெரிய பந்தயத்துக்கு முன் புள்ளிவிவரத்தை எடுத்து வீசுகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019ல், “1937ல் கொரீடா ஜெயித்த பிறகு 5 வயதுப் பெண் குதிரை எதுவும் ஆர்க்கை ஜெயித்ததில்லை, ஆகவே எனேபிள் ஜெயிக்காது” என்றார்கள். முடிவு அவர்கள் சொன்னபடி வந்தது, ஆனால் காரணம் அதுவல்ல. 5 வயதுக்குள் நல்ல பெண் குதிரைகளைப் பெரும்பாலும் குட்டி போட அனுப்பிவிடுவார்கள். ஓடியவையே சிலதான், பிறகு எங்கிருந்து ஜெயிக்கும்? 2022ல் அல்பினிஸ்டா என்ற 5 வயதுப் பெண் குதிரை கொட்டுகிற மழைக்கு நடுவே ஆர்க்கை ஜெயித்தது. அந்தப் புள்ளிவிவரத்தை அதற்குப் பிறகு யாரும் எடுப்பதில்லை.

நீங்களும் அடுத்த அக்டோபரில் வாதத்தில் இறங்குவதாக இருந்தால், ஓடப்போகும் குதிரைகளின் பெயர்ப் பட்டியல் வந்ததும் ஒவ்வொன்றின் கடைசி மூன்று ஓட்டங்களின் வீடியோவைப் பாருங்கள். ஜெயித்த குதிரையைப் பார்க்காமல் மூன்றாவது, நான்காவதாக வந்ததைக் கவனியுங்கள்: கடைசி 200 மீட்டரில் வேகம் குறைகிறதா, வழி கிடைக்காமல் திணறுகிறதா, கோட்டைத் தாண்டிய பிறகும் ஓடிக்கொண்டே இருக்கிறதா? பிறகு பாரிஸில் வியாழக்கிழமையிலிருந்து வானிலை எப்படி என்று பாருங்கள். சனிக்கிழமை ராத்திரி வரை உங்கள் குதிரையை முடிவு செய்யாதீர்கள். பணம் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. நானும் என் நண்பரும் வைப்பதில்லை. வாதத்துக்கு அதனால் ஒரு குறையும் வந்ததில்லை.