கேமரா ஆடும் பேய்ப்படங்கள்: எப்படிப் பார்ப்பது, எதில் தொடங்குவது?

கேள்வி: விடுமுறைக்கு வந்த மகன் ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ படத்தைப் போட்டுக் காட்டினான். விளக்கை அணைத்துவிட்டுப் பெரிய டிவிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தோம். அரை மணி நேரத்தில் எனக்குத் தலை சுற்றிக் குமட்டலாகிவிட்டது, எழுந்து போய்விட்டேன். அதுவரை பேய் எதுவும் வரவில்லை. அவனோ இப்படிப் பயந்ததே இல்லை என்கிறான். யாரோ எடுத்து, பிறகு கண்டெடுத்த வீடியோ போலவே காட்டும் இந்த ‘ஃபவுண்ட் ஃபுட்டேஜ்’ படங்களில் அப்படி என்ன இருக்கிறது? அவனோடு உட்கார்ந்து பார்க்க ஆசை. எதில் தொடங்கலாம்?

பதில்: முதலில் அந்தக் குமட்டல். உங்கள் ரசனையில் ஒரு குறையும் இல்லை, கண்ணுக்கும் காதுக்கும் நடந்த தகராறு அது. உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, ‘அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன்’ என்று மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ ‘காட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறேன்’ என்கிறது. எதை நம்புவது என்று மூளை தடுமாறும்போது தலைசுற்றல் வருகிறது. மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது புத்தகம் படித்தால் வருமே, அதேதான். அங்கே உடம்பு ஆடும், கண்ணெதிரே இருக்கும் பக்கம் ஆடாது. இங்கே தலைகீழ். பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் இது சீக்கிரம் வரும். 2008-ல் இதேபோல் கேமரா ஆடும் ‘க்ளோவர்ஃபீல்ட்’ படம் வெளியானபோது அமெரிக்காவில் சில தியேட்டர்கள் எச்சரிக்கை அறிவிப்பே ஒட்டின.

இருட்டும் பெரிய திரையும் சேர்ந்தால் ஆடாத பொருள் ஒன்றுகூடக் கண்ணில் படாது. அடுத்த முறை டிவிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். நாற்காலியை நன்றாகப் பின்னுக்குத் தள்ளிப் போடுங்கள், டிவியின் ஓரமும் சுவரும் பார்வையில் இருக்கட்டும். கொட்டாவியும் வியர்வையும் தொடங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தால் அன்றைய பொழுதே வீணாகிவிடும்.

இனி, உங்கள் மகன் ஏன் பயந்தான் என்பதற்கு வருகிறேன். வழக்கமான பேய்ப்படத்தில் நமக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. பின்னணி இசை ஏறும்போதே ஏதோ வரப்போகிறது என்று தெரிந்துவிடும். கேமராவும் பார்க்க வேண்டியதைச் சரியாகக் காட்டிவிடும். இந்த வகைப் படத்தில் அந்தத் துணை கிடையாது. கேமரா பாத்திரத்தின் கையில் இருக்கிறது, அவர் பார்க்காததை நாமும் பார்க்க முடியாது. கூடாரத்துக்கு வெளியே சத்தம் கேட்டால் நம்மிடமும் அந்த ஒரு டார்ச் வெளிச்சம்தான்.

‘பிளேர் விட்ச்’ நடிகர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் காட்டில் இருந்தார்கள். 1997 அக்டோபரில் அமெரிக்காவின் மேரிலாந்தில் எட்டு நாள் படப்பிடிப்பு. மூன்று நடிகர்களே கேமராவையும் ஒலிப்பதிவுக் கருவியையும் சுமந்தார்கள். எழுதி வைத்த வசனம் இல்லை. இயக்குநர்கள் டேனியல் மைரிக்கும் எடுவார்டோ சான்செஸும் அன்றன்றைக்கான குறிப்புகளைத் தனித்தனி டப்பாக்களில் போட்டு வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். நாளாக ஆகச் சாப்பாட்டைக் குறைத்தார்கள். இரவில் கூடாரத்துக்கு வெளியே குழந்தைகளின் குரலை ஒலிக்கவிட்டார்கள். திரையில் நீங்கள் பார்க்கும் களைப்பிலும் எரிச்சலிலும் பாதி நடிப்பே இல்லை. பேய் வரவில்லை என்கிறீர்கள். படம் முடியும்வரையும் வராது. பயப்படும் மனிதர்களை மட்டுமே காட்டுவதுதான் அந்தப் படத்தின் பலம் என்பேன்.

ஆனால் 1999-ல் அதைப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த ஒன்று இன்று நமக்குக் கிடைக்காது. படத்தில் வரும் மூவரும் உண்மையிலேயே காட்டில் காணாமல் போனார்கள் என்று இணையதளத்திலும் சுவரொட்டியிலும் விளம்பரம் செய்தார்கள். பலர் நம்பினார்கள். நடித்த பெண்ணின் தாயாருக்கு இரங்கல் அட்டைகள்கூட வந்தன. படம் உலகெங்கும் 24 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. தங்கள் சொந்தப் பெயரையே பாத்திரங்களுக்குக் கொடுத்த அந்த நடிகர்கள், நியாயமான பங்கு வேண்டும் என்று 2024-லும் வெளிப்படையாகக் கேட்க வேண்டியிருந்தது. இது என்னை உறுத்துகிறது. ‘நிஜம்’ என்று விற்ற படத்தில், நிஜமாகப் பட்டினி கிடந்தவர்கள் அவர்கள்தானே?

இந்த வகையின் பெரிய பலவீனம் ஒரே கேள்வியில் அடங்கும்: உயிருக்கு ஆபத்து என்றால் கேமராவைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டியதுதானே? இதற்குப் பதில் இல்லாத படத்தைத் தயங்காமல் பாதியில் நிறுத்தலாம். செலவு குறைவு என்பதற்காகவே எடுத்த படங்கள் ஏராளம். அவற்றில் ஒரு மணி நேரம் வெட்டிப் பேச்சு, பிறகு பத்து நிமிடக் கூச்சல், கடைசியில் கேமரா கீழே விழும். இருட்டு அங்கே பயத்துக்காக இல்லை, காட்ட எதுவும் இல்லாததால்.

உங்களுக்கு நான் சொல்வது 2007-ல் உருவான ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’. ஓரன் பெலி சான் டியேகோவில் தன் சொந்த வீட்டிலேயே சுமார் 15,000 டாலரில் எடுத்தார். பகல் காட்சிகளில் கேமரா கொஞ்சம் ஆடும். இரவுக் காட்சிகளில் படுக்கையறை மூலையில் ட்ரைபாடில் அசையாமல் நிற்கும். தூங்கும் ஒரு காதல் ஜோடி, திறந்த கதவு, ஓரத்தில் ஓடும் நேரம். எதுவும் நடக்காத அந்தக் காட்சியில் கதவு லேசாக அசைந்தாலே வயிறு கலங்கும். கேமரா ஏன் ஓடுகிறது என்ற கேள்வியும் எழாது, தூங்கும்போது நடப்பதைப் பிடிக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், போன் வேறு அறையில் இருக்கட்டும். இந்தப் படம் பாதி காதுக்கானது.

அடுத்தது 2020-ல் வந்த ‘ஹோஸ்ட்’. ஊரடங்கில் நண்பர்கள் ஜூமில் கூடி ஆவியை அழைக்கிறார்கள். ஒரு மணி நேரம்கூட ஓடாது, பெரும்பாலும் கேமரா மடிக்கணினியில் நிலையாக இருக்கும். ஸ்பெயினின் ‘ரெக்’ அருமையான படம், தொலைக்காட்சி ஒளிப்பதிவாளர் கேமராவை விடாததற்குக் காரணமும் உண்டு. ஆனாலும் ஆட்டம் அதிகம், அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு படம் பழகிய பிறகு ‘பிளேர் விட்ச்’ படத்துக்குத் திரும்பலாம். பாதியில் ஒரு இடைவேளை விடுங்கள். தொடக்கத்தில் ஊர்க்காரர்கள் சொல்லும் கதைகளைக் காது கொடுத்துக் கேளுங்கள், கடைசி ஷாட்டின் பொருள் அங்கேதான் இருக்கிறது. முடிவில் அந்தப் பாழடைந்த வீட்டுக்குள் ஓடும்போதுதான் ஆட்டம் மிக அதிகம். அங்கே கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டாலும் போதும். கடைசி ஷாட் வந்ததும் தோளைத் தட்டச் சொல்லி மகனிடம் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.